சனிக்கிழமை ஆள்

கண்டி,
02.06.2025

அன்புள்ள கமலத்துக்கு,

நலம். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். கிழிப்பதென்றால் வாசித்துவிட்டுக் கிழி.

நேற்று உங்கள் சங்கத்தின் புதிய தொண்டர்களுக்கு நீ பேசியபோது நானும் மண்டபத்தில் இருந்தேன். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். பத்து மூட்டை அரிசி தருகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன். அந்தச் சாக்கில் பிரிந்து போன மனைவியைப் பார்க்கலாம் என்றும் ஒரு கணக்கு. மறைக்கவில்லை.

“நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோட போங்க. கையில பார்சல் இருந்தா, அதக் குடுத்ததும் வேல முடிஞ்சதுன்னு எழும்பிருவீங்க. ஒக்காருங்க. பேச ஒன்னுமில்லன்னாலும் ஒக்காருங்க” என்றாய். பக்கத்திலிருந்த பிள்ளை அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அரிசிப் பேச்சை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன். யார் பேச்சிலும் மயங்கி நான் வியாபாரம் செய்ததில்லை. சரக்கைப் பார்த்துத்தான் விலை. உன் பேச்சில் சரக்கு இருந்தது.

என்னையும் சேர்த்துக்கொள்.

உன்,
அழகர்


கடுகண்ணாவை,
10.06.2025

திரு. அழகர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. எனக்கு ஆப்பரேஷன் நடந்தபோது தனி அறை எடுத்துத் தந்தீர்கள். அப்பிளும் திராட்சையும் கூடை கூடையாக வந்தன. நீங்கள் வரவில்லை. அன்று மண்டபத்தில் நான் பேசியது அந்தக் கட்டிலை நினைத்துத்தான்.

ஹந்தானையில் பஹீம் நானா என்று ஒருவர், பாரிசவாதம். மகள் றலியா பல்லேகல கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் துணையில்லை. சனிக்கிழமைக்கு ஆள் தேவை. உங்கள் வெங்காயக் கடைக்கு அதுதான் நல்ல நாள், தெரிந்துதான் தருகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இது என்னிடம் திரும்பி வரும் வழி அல்ல. இடையில் விட்டால் இனி எழுதவும் வேண்டாம்.

கமலம்


கண்டி,
14.07.2025

அன்புள்ள கமலத்துக்கு,

போகிறேன். ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

பஹீம் நானா பழைய பஸ் கொண்டக்டர். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் மட்டும் விழவில்லை. முதல் நாளே, “என்ன முதலாளி, மணிக்கூட்டயே பாக்குறீங்க? எனக்கு முந்தி நீங்க மௌத்தாகிருவீங்க போல” என்றார். வெங்காய விலைக்கு என்னைத்தான் ஏசுகிறார்.

போன கிழமை கட்டிலிலேயே வெளிக்குப் போய்விட்டார். றலியா வர நேரமிருந்தது. நானே கழுவித் துடைத்தேன். முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, “ஜன்னல் பக்கம் திருப்பி விடுங்க” என்றார். மூட்டை தூக்கிப் பழகிய கைதான். ஆனாலும் மனுஷனைத் திருப்புவது வேறு. வெகுநேரம் இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உன் ஆப்பரேஷனைப் பற்றி எழுதத் தொடங்கினேன். எழுதினால் அதுவும் இன்னொரு பழக்கூடையாகிவிடும். விட்டுவிட்டேன்.

திரும்பி வரும் வழி அல்ல என்றாய். சரி. ஆனால் அந்தச் சனிக்கிழமையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

அழகர்


கடுகண்ணாவை,
28.07.2025

அன்புள்ளவருக்கு,

நீங்கள் மெய்யாகவே போகிறீர்களா என்று பார்க்க, சனிக்கிழமை சொல்லாமல் ஹந்தானைக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. நீங்கள் கதிரையில் இருந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தீர்கள், வாயைத் திறந்துகொண்டு. கை அவருடைய போர்வை மேல் கிடந்தது. நான் காலை உள்ளே வைத்ததும் பஹீம் நானா நல்ல கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“சத்தம் போடாதீங்க. முதலாளி ஒறங்குறாரு. சுபஹுத் தொழுகைக்கு முந்தியே லொறி எறக்கிட்டு வந்த மனுசன். நீங்க யாரு?”

“சங்கத்துல இருந்து வாறேன்.”

“வேற ஆள் போடவா வந்தீங்க? போட வேணாம்.”

உங்களோடு வாழ்ந்த காலத்தில் நீங்கள் பகலில் தூங்கி நான் கண்டதில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். எழுப்ப மனம் வரவில்லை.

வீட்டுக்கு வாருங்கள் என்று இப்போது எழுத என்னால் முடியாது. அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்குக் கிளினிக். மறுபடி எடுத்த ஸ்கேனின் முடிவைச் சொல்வார்கள். இதுவரை எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் போனேன். இதற்குப் பயமாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள். வரிசை நீளம், மத்தியானம் தாண்டும். இருவருக்கும் சோறு கட்டிக்கொண்டு வருகிறேன்.

கமலம்