அண்ணன் கேட்டு வைத்திருந்த கம்ப்யூட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எழுந்ததும் முதல் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று உறையைப் பிரிக்கும்போதே உனக்குப் பகீரென்று இருந்திருக்கும். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போனிலேயே சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன், நீ சரிப்பா சரிப்பா என்றாய், நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். நம் கட்டட லிப்ட் போன வாரம் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது, ரிட்டையராகி ஆறு வருஷம் ஆகிறது என்று தெரிந்தும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள், நானும் லுங்கியோடு போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் கை சும்மா இருக்காது.

அண்ணன் அறையைக் காலி செய்யச் சொல்லி நீ நாலைந்து தடவை சொல்லிவிட்டாய். பழைய சாமான் கடைக்காரர் நம்பரையும் அனுப்பியிருந்தாய். நீ சொல்வது எங்கள் நல்லதுக்குத்தான், தெரிகிறது. ஆனால் நான் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அறை நீ பார்த்துவிட்டுப் போன மாதிரியேதான் இருக்கிறது. சுவரோடு சுவராக மூன்று இரும்பு அலமாரி, அதில் பத்தொன்பது பழைய கம்ப்யூட்டர், ஒவ்வொன்றின் நெற்றியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த வருஷம் செய்தது, எங்கே யாரிடம் வாங்கியது என்று அவன் கையெழுத்து. மூடிய பள்ளிக்கூடத்தில் வாங்கியது, நூலக ஏலத்தில் எடுத்தது, ஒரு பல் டாக்டர் பரணிலிருந்து இறக்கியது. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை எதையாவது தூக்கிக்கொண்டு வருவான், நானும் வாசலிலேயே நின்று, அடுத்த பொணம் வந்தாச்சா என்பேன். அவன் சிரித்துக்கொண்டே, பொணம் இல்லப்பா, மயக்கம்தான், தெளிய வச்சிடுவேன் என்பான். இப்போது அதை எழுதும்போது கை கூச வேண்டும், கூசவில்லை. இந்த நாலரை மாதமாகவே எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு காலை, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஒரு பெண்மணி, வயதான குரல். டீச்சர் பேசுறேன் என்றார். யார் என்று எனக்குப் புரியவில்லை. தம்பி போனை எடுக்க மாட்டேங்கறாரே, அவசரம்னா அப்பா நம்பருக்குப் பேசுங்கன்னு குடுத்திருந்தாரு, அதான் கூப்பிட்டேன் என்றார். விஷயம் இதுதான். அவர் ஒரு காலத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர். முதன்முதலில் வாங்கிய மெஷினை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். நம் பிள்ளை ஆறு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். இப்போது அவர் வீட்டை விட்டு ஒரே ஒரு அறை உள்ள இடத்துக்குப் போகிறார், அதனால் தருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தார். அப்புறம் அவனிடமிருந்து பேச்சே இல்லை. மூணு மாசமா ஒரு பெட்டியில கட்டி வச்சிருக்கேன், மாசக் கடைசியில வீட்டைக் குடுத்தாகணும், தம்பி எப்ப வருவாரு சார் என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன், அவன் ஊர்ல இல்லம்மா, நான் வந்து எடுத்துக்கறேன் என்று வந்தது.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் போனேன். அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸில் வேலை என்று சொன்னேன், முந்தின நாள் சொன்ன ஒரு பொய் போதாது போலிருக்கிறது. கையில் அண்ணனுடைய தள்ளுவண்டி, அந்த மடக்கு வண்டிதான். டீச்சர் வீடு முதல் மாடி. சுவரில் படங்கள் கழற்றிய இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது, தரையெங்கும் அட்டைப்பெட்டி. எழுபது தாண்டியவர், ஒல்லி, ஆண்பிள்ளை வாட்ச் கட்டியிருந்தார். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியே தம்பி நிக்கிற மாதிரி நிக்கிறீங்க சார் என்றார். டீ போட்டுக் கொடுத்தார். பிறகு அவன் அந்த வீட்டில் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். வருவானாம், மெஷினைத் தருவீங்களா என்று ஒரு தடவை கேட்பானாம், இப்ப இல்லை என்றால் சரி டீச்சர் என்று விட்டுவிட்டு, மிக்ஸி ஓடவில்லை, காலிங் பெல் அடிக்கவில்லை என்று எது இருந்தாலும் சரிசெய்துவிட்டுப் போவானாம். யாருப்பா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன், எங்கப்பா லிப்ட் மெக்கானிக், அவரைப் பாத்துக் கத்துக்கிட்டேன்னாரு என்றார். நான் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை மகளே. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்காருவேன், அவ்வளவுதான். எப்போது பார்த்தான் என்று தெரியவில்லை.

பணத்தைப் பற்றி நான் பேச்செடுத்தேன், அதெல்லாம் தம்பிக்கும் எனக்கும் முடிஞ்சு போச்சு, நீங்க நடுவுல வராதீங்க என்று வாயை அடைத்துவிட்டார். இறக்கி வண்டியில் கட்டும்போது கறாராகச் சொன்னார், எடுத்துட்டுப் போனதும் ஆசையில பிளக்கைச் சொருகிடாதீங்க, பன்னெண்டு வருஷமா கரண்டே பாக்காத மெஷின், தம்பி வரட்டும், அவருக்குத் தெரியும் என்று. நான் தலையாட்டினேன். பஸ்ஸில் டிவி மாதிரி இருக்கும் அந்த மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன், கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா பெரியவரே என்று கேலி செய்தார், பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கதவருகிலேயே நிற்கிறாள். பென்ஷன் ஆபீஸ்ல இதையா குடுத்தாங்க என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வாரா வாரம் டீச்சர் போன் செய்ய ஆரம்பித்தார். தம்பி வந்துட்டாரா சார். இன்னும் இல்லை டீச்சர். மெஷின் பத்திரமா. பத்திரமா இருக்கு டீச்சர். வெளிநாட்டுக்கா போயிருக்காரு என்று ஒரு நாள் கேட்டார், ஆமாம், தங்கச்சியைப் பாக்கப் போயிருக்கான் என்று உன்னையும் இழுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அந்த இரண்டு நிமிஷம் எனக்குச் சுகமாக இருந்தது. உலகத்தில் ஒரு ஆளுக்காவது அவன் எங்கேயோ போயிருக்கிறான், வந்துவிடுவான். வாரம் முழுக்க அந்தப் போனுக்காகக் காத்திருப்பேன்.

மூன்றாவது வாரம் நான் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. போனை என் கையிலிருந்து பிடுங்கவில்லை, குடுங்க என்று கை நீட்டினாள், நான் கொடுத்தேன். நான் அவங்கம்மா பேசுறேன், அவன் இல்லம்மா, எறந்துட்டான், ஆபீஸ்ல நாற்காலியில உக்காந்தபடியே மூளையில ரத்தம் கசிஞ்சு போயிட்டான், இவருக்குச் சொல்ல வரல என்றாள். கடைக்காரரிடம் சாமான் பட்டியல் சொல்கிற குரல். நீ இருந்த பத்து நாளிலும் சரி அதற்கப்புறமும் சரி, அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பிறகு டீச்சர், நான் வரலாமா என்று கேட்டிருக்கிறார். வாங்க என்று சொல்லிவிட்டு அம்மா போனை மேஜைமேல் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அடுப்பில் பால் வைத்திருந்தது பொங்கிவிட்டது, துடைக்கப் போய்விட்டாள்.

டீச்சர் போன புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். ஐயோ பாவம் என்று ஆரம்பிப்பார், கையைப் பிடிப்பார், அதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று நான் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றியதும் மெஷின் எங்க சார் என்றார். அறைக் கதவைத் திறந்தேன். அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார், ஒவ்வொரு டேப்பையும் படித்தார். மெஷினை நான் ஏற்கெனவே திறந்து தூசி தட்டி, செத்த கரப்பான்களை எல்லாம் பிரஷ்ஷால் எடுத்து வைத்திருந்தேன், உள்ளே பார்த்தால் பழைய லிப்ட் கன்ட்ரோல் பேனல் மாதிரிதான், பெரிய வித்தியாசம் இல்லை. நேரடியாகக் கரண்ட் கொடுக்கக்கூடாது என்பதால் வழியில் ஒரு குண்டு பல்பை வைத்து ஒரு பலகையில் இணைப்புக் கொடுத்திருந்தேன், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் எரிந்துகொண்டே இருக்கும், மெஷின் தப்பிக்கும். டீச்சர் பார்த்துவிட்டு, தம்பியும் இப்படித்தான் செய்வாரு என்றார். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் கூப்பிடுவதற்குள் டீச்சரே, அம்மா கொஞ்சம் வாங்க, வெளிச்சம் காட்டணும் என்று அதட்டலாகக் கூப்பிட்டார். நாலு மாதமாக அந்த வாசற்படியைத் தாண்டாதவள் டார்ச்சை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

பல்ப் ஒரு தடவை பளிச்சென்று எரிந்து அடங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தோம். மின்விசிறி முனகியது. மெல்லிய கறுப்பு அட்டை மாதிரி ஒரு பிளாப்பியை டீச்சர் சொருகினார், கரகரவென்று அரைக்கிற சத்தம், பச்சை எழுத்து வந்தது. எனக்கே ஆச்சரியம், அந்தக் காலத்து மெஷின் முதலில் கேட்டது இன்றைக்கு என்ன தேதி என்று. அதற்குள் கடிகாரம் கிடையாதாம், எப்போது எழுப்பினாலும் நாம்தான் சொல்ல வேண்டுமாம். தேதி என்னம்மா என்று டீச்சர் அம்மாவைக் கேட்டார். இருபத்திமூணு என்று அம்மா யோசிக்காமல் சொன்னாள், சொல்லிவிட்டு, நூத்தி முப்பத்தெட்டு நாள் ஆச்சு என்றாள். யாரும் அதைக் கேட்கவில்லை. நான் எண்ணவில்லை மகளே, அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குத் தெரியவில்லை. நீங்களே அடிங்க என்று டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். அம்மா உட்கார்ந்து ஒற்றை விரலால் தேடித்தேடி நாள், மாதம், வருஷம் என்று அடித்தாள். தேதி தப்பு என்றது மெஷின். திரும்ப அடித்தாள். திரும்பவும் தப்பு என்றது. தப்பா, எது தப்பு, எனக்கா தேதி தெரியாது, ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாததா இதுக்குத் தெரிஞ்சிடுச்சு என்று மேஜையை அடித்துக் கத்தினாள். நம் வீட்டில் இத்தனை மாதத்தில் வந்த முதல் சத்தம் அது. டீச்சர் பதறவில்லை. இது மாசத்தைத்தான் முதல்ல கேக்கும்மா, வெளிநாட்டுப் பழக்கம், மாத்தி அடிங்க என்றார். மாற்றி அடித்தாள், ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் அம்மா அந்த விசைப்பலகை மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள், திரையில் கண்டபடி எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் அவள் முதுகில் கை வைத்து நின்றார், ஓடட்டும் சார், ஒண்ணும் ஆகாது என்று என்னிடம் சொன்னார். நான் பலகையிலிருந்த ஒயரைச் சுற்றி வைத்தேன்.

இனி புதன்கிழமை தோறும் வருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார், அவருக்கும் அந்த ஒற்றை அறையில் பேச ஆள் இல்லை. அம்மா டைப் கற்றுக்கொள்கிறாளாம், இன்று காலை அலமாரியில் இரண்டு மெஷினைத் துடைத்து வைத்தாள். அதனால் பழைய சாமான் கடைக்காரருக்கு நீ போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு, எனக்கு அந்த ஆளிடம் பேசத் தெரியாது.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது குட்டியின் பள்ளிக்கூடம், அங்கே குளிர், என் முட்டிவலி எல்லாம் விசாரிக்கிறாய், அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. எங்களுக்குத் தாங்காது என்று நீ தவிர்க்கிறாய், உனக்குத் தாங்காது என்று நாங்கள் தவிர்க்கிறோம். டீச்சரிடம் நான் பேசியது மாதிரிதான் நாம் மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த ஞாயிறு அவனைப் பற்றி ஏதாவது சொல். உன்னை அவன் அடித்தது, ஏமாற்றியது, எது ஞாபகம் வந்தாலும் போதும். அம்மா அழுதால் அழட்டும், நீயும் அழு. உன் அப்பாவைக் கேட்டால், எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. வந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன்.

குட்டிக்கு எங்கள் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் இடுப்புவலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று நீ சொல்லி இரண்டு மாதமாகிறது, தள்ளிப்போடாதே, நம் வீட்டில் யாரும் இனி எதையும் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் மன நிறைவோடும் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா