புகைப்புரைச் சுவர் வரை

அக்கா,

முதலில் என்னை மன்னித்துவிடு. இப்படி எழுதுவது உனக்குப் பிடிக்காது. வாயால் சொல்லக்கூடியதை நான் தாளில் எழுதி நீட்டும்போதெல்லாம், "பக்கத்தில நிக்கியேன், இவளுக்கு லெட்டர் போடணும்" என்று சிரிப்பாய். மலையாளப் பள்ளியில் படித்த நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். இரண்டு வரியில் சலித்துப்போய்த் தாளை என்னிடமே தந்து, "நீயே வாசி, நான் கேக்கேன்" என்பாய். அதனால் சின்னச் சொற்களாகத்தான் எழுதுகிறேன். வாசித்துக் காட்டத்தான் வழியில்லை.

சென்ற புதன்கிழமை வேலை முடிந்து பெருங்கடவிளையிலிருந்து வந்து பனச்சமூட்டில் இறங்கினேன். நீ வேலை பார்த்த தையல்கடைக்கு எதிரே, ரப்பர் ஷீட்டு ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. மழை நனைத்த ஷீட்டுகளிலிருந்து புகையும் புளிப்பும் கலந்த அந்த மணம் வந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. மூன்று வருடம் ஆகிறது. கைகள் மறக்கவில்லை.

நம் ஓட்டம் ஒரு சண்டையில் தொடங்கியது. ஓணத்துக்கு நம் ஊர் கிளப், ஆண்களுக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் வைக்கும். பெண்களுக்கு, கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து வாயில் கடித்துக்கொண்டு நடக்கிற போட்டி. அந்த வருடம் நீ கிளப் செக்ரட்டரியை கிளப் வாசலுக்கு எதிரே நடுரோட்டில் நிறுத்திக் கேட்டாய்.

"எங்களுக்கு மட்டும் எதுக்கு நாரங்கா? எங்களுக்குக் காலு இல்லியா?"

"ஓடியதுக்கு ஆளு உண்டா? நாலு பேரைக் காட்டு, வைக்கேன்."

"இன்னா எண்ணிக்கோ. நான் ஒண்ணு. அண்டி ஆபீஸ் லீலா ரெண்டு. அங்கன்வாடி ரோஸி மூணு." பிறகு, கிளப் வாசகசாலையில் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க வந்த என்னைப் பார்த்தாய். "நாலாவது இன்னா நிக்கியா."

இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ரப்பர் பால்வெட்டுக்காரனின் மகள், வீட்டில் முதன்முதலாக பி.ஏ. படித்தவள், யாராவது நிமிர்ந்து பார்த்தால் செருப்பைப் பார்க்கிறவள். நான் ஓட்டக்காரி ஆனது அப்படித்தான். உனக்கும் எனக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம். அக்கா என்று கூப்பிட்டு, நீ என்று பேசினேன்.

பள்ளி யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய நீலத் துணியில் நான்கு பேருக்கும் தொளதொளவென்று கால்சட்டை தைத்தாய். எனக்கு மட்டும் பாக்கெட் வைத்தாய். "லெட்டர் வைக்கியதுக்கு ஆக்கும்."

சானல் கரையில், தண்ணீர் திறந்துவிடும் கலுங்கிலிருந்து ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரை வரைக்கும் பதினேழு கரண்ட் போஸ்டுகள். விடியும் நேரத்தில் ஓடுவோம். சட்டம் போட்டவள் நீ: முதலில் போய்ச் சேர்கிறவள் சுவரைத் தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது திரும்பிப் போய்க் கடைசியாய் வருகிறவளைக் கூட்டி வர வேண்டும். நான்கு கைகளும் ஒன்றாகத்தான் சுவரில் படவேண்டும். எப்போதும் முதலில் சேர்கிறவள் நீ. எப்போதும் கடைசி நான். அதனால் நான் ஒருநாளும் தனியாக ஓடியதில்லை. எட்டாவது போஸ்டில் நான் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எதிரே நீ வந்துகொண்டிருப்பாய்.

"இனி ரெண்டு போஸ்ட்தான் மக்கா."

"நேத்தும் ரெண்டுன்னுதான் சொன்னே."

"நேத்து சொன்ன ரெண்டு வேற, இது வேற. ஓடு."

முன்னால் போகும் லீலா திரும்பிக் கத்துவாள். "அவளுக்க ரெண்டை எண்ணி முடிக்கியதுக்குள்ள எனக்கு அண்டி ஆபீஸில சங்கு ஊதிரும்!" அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த அவள் விரல்கள்தான் சுவரில் முதலில் பதிவதாக ரோஸி தினமும் வழக்குக்குப் போவாள். அவர்கள் பேசுவதைக் கேட்டபடியே மீதி போஸ்டுகளைக் கடந்துவிடுவேன். சிரித்துக்கொண்டே ஓடினால் மூச்சு வாங்குவது தெரியாது. உன் இரண்டு போஸ்ட் பொய் என்று தெரிந்தே நம்பினேன்.

ஆடி மாதக் கடைசியில் நீ பின்தங்கத் தொடங்கினாய். முதலில் அதை விளையாட்டென்று நினைத்தோம். ஒருநாள் ரோஸியும் லீலாவும் நானும் புகைப்புரைக்கு வந்துவிட்டோம், உன்னைக் காணவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது அக்கா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதன்முறையாகக் கடைசி நான் இல்லை. உன்னைக் கூட்டிவர நானே போகிறேன் என்று திரும்பி ஓடினேன். பன்னிரண்டாவது போஸ்டின் அடியில் ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தாய்.

"மதி, போதும் மக்கா. இன்னைக்கு நீங்க மூணு பேரும் தொடுங்க."

"சட்டம் நீதானே போட்டே? எழும்பு அக்கா! இனி ரெண்டு போஸ்ட்தான்!"

நான் அவ்வளவு உரக்கக் கத்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சானலுக்கு அக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு நான் செருப்பைப் பார்க்கவில்லை. நீ என்னையே பார்த்தாய். பிறகு சிரித்து, கையூன்றி எழுந்தாய். ஓடினாய். நான் பக்கத்தில் கைதட்டிக்கொண்டே வந்தேன். இரண்டல்ல, ஐந்து போஸ்ட்.

நான்கு கைகளும் சுவரில் பட்டன. நீ கையை எடுக்கும்போது உன் நகங்கள் மை தொட்டதுபோல் நீலமாக இருந்தன. உதடுகளும்தான். மழைக் குளிர் என்று நினைத்தேன். மூச்சுக்கு நடுவே சொன்னாய்: "பொய் என்னைவிட உனக்குத்தான் நல்லா வருது."

மறுநாளிலிருந்து நீ வரவில்லை. "ஓணத் தையல் தலைக்கு மேல கிடக்கு" என்றாய். நம்பினோம்.

ஓட்டத்தன்று, முடிவுக் கயிற்றின் அருகில், கடையிலிருந்து கொண்டு வந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். பந்தயத்தில் ஓடியது மூன்றே பேர். லீலாவும் ரோஸியும் கயிறு வரை வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். கூட்டம் கூவியது. விசில் அடித்தார்கள். தூரத்தில் வந்துகொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தத்தில் கால் பின்னியது. அப்படியே தோப்புக்குள் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது உன் குரல் வந்தது.

"இனி ரெண்டு போஸ்ட்தான் மக்கா!"

எண்ணிப் பார்த்தேன். சரியாக இரண்டு. அன்று மட்டும்தான் நீ உண்மை சொன்னாய்.

நான் சேர்ந்ததும் நீயும் எழுந்து வந்தாய். நாலு பேரும் ஒன்றாகக் கயிற்றைத் தாண்டினோம். செக்ரட்டரி பரிசுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். "ஆரு ஃபஸ்ட்? ஆருக்கு இந்தக் குடத்தைக் கொடுக்க? இது ஓட்டமா, கல்யாண ஊர்வலமா?"

"நாலா முறிச்சுத் தாங்க அண்ணா" என்றாள் ரோஸி.

கடைசியில் ஓடாத உன் கையில் கொடுத்தோம். எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏதோ கிணற்றுக்குப் போகிறவள்போல் நீ நடந்து போனதுதான் நான் உன்னைக் கடைசியாய்ப் பார்த்தது.

ஐப்பசி மழையில், ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த ஒரு போனில் நீ இறந்துபோன செய்தி வந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இதய வால்வு கெட்டுப்போயிருந்தது என்று ரோஸி சொன்னாள். ஓடவே கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். உன் வீட்டு முன் குடைகளுக்கு நடுவே நின்றேன். எல்லோரும் அழுதார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு. உன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் ஓடவில்லை. உன் வீட்டு வழியை விட்டுச் சுற்றுவழியில் பஸ்ஸுக்குப் போனேன். பரீட்சை எழுதினேன், கிளார்க் வேலை கிடைத்தது. ஒவ்வொரு நல்ல செய்தியின்போதும் அந்த ஐந்து போஸ்டும் வந்து நின்றன.

புதன்கிழமை அந்த லாரி போன பிறகும் மணம் போகவில்லை. சுற்றுவழிக்குத் திரும்பாமல் நேரே உன் வீட்டுக்கு நடந்தேன். உன் அம்மா அடுக்களை வாசலில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அந்தக் குடம், ஒரு பக்கம் நசுங்கி, தண்ணீர் நிறைய. நின்றபடியே சொல்லிவிட்டேன். தாளில் எழுதவில்லை அக்கா. வாயால் சொன்னேன். அவளை ஓடவைத்தது நான்தான், ரெண்டு என்று பொய் சொல்லி அஞ்சு போஸ்ட் ஓடவைத்தேன் என்று.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"எனக்குத் தெரியும் மக்கா. அன்னைக்கே வந்து சொன்னா. 'அம்மா, அந்த வாயில்லாப் பிள்ளை இன்னைக்கு என்னைப் பாத்துக் கத்தினா. சானலுக்கு அக்கரை வரை கேட்டுது.' அப்படிச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நான் நல்லா ஏசினேன். டாக்டர் சொன்னதைக் கேக்காதவ, நீ சொல்லியா ஓடுவா? அவளுக்கு ஓடணும், ஓடினா."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு கேட்டார்கள்.

"இதைச் சொல்லியதுக்கு மூணு வருசம் ஆச்சா உனக்கு? லீலா வருவா, ரோஸி கிறிஸ்மஸுக்கு வருவா. அந்த நாலாவது பிள்ளை எங்கேன்னு பாத்துட்டே இருந்தேன்."

வரும் வழியெல்லாம் அம்மாவின் அந்தக் கேள்வி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து போஸ்டின் பாரத்தை மட்டும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நம் சட்டத்தை மறந்துவிட்டேன். கடைசியாய் நிற்கிறவளிடம் திரும்பிப் போகவேண்டும் என்பதுதானே சட்டம்? மூன்று வருடமாக அங்கே நின்றது உன் அம்மா. சுற்றுவழியில் போனது நான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். குடத்தில் தண்ணீர் கோரி வைத்தேன். மரச்சீனி வேகும்வரை இருந்தேன். அம்மாவுக்கு இப்போது முட்டுவலி. ஆனாலும் சானல் கரை வரை நடக்கவேண்டும் என்றார்கள், கூட்டிப்போனேன். நாலாவது போஸ்டில் நின்று மூச்சு வாங்கினார்கள். "இனி எவ்வளவு உண்டு?" என்று கேட்டார்கள். இரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. "நிறைய உண்டு அம்மா, இருந்துட்டுப் போவோம்" என்றேன். கலுங்கிலிருந்து நாலாவது போஸ்ட் அடியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அதற்குமேல் போகவில்லை. அடுத்த ஞாயிறு ஐந்தாவது வரை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுத உட்கார்ந்தது ஒன்றைக் கேட்பதற்காகத்தான். முதல் வரியிலேயே கேட்டிருக்கலாம். நான் எப்போது எதை முதலில் கேட்டிருக்கிறேன்? நீ இப்போது எந்தச் சுவரின் அருகில் போய்ச் சேர்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எப்போதும்போல முதலில் சேர்ந்துவிட்டாய். அதைத் தொட்டுவிடாதே அக்கா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். இந்தத் தடவை நீ திரும்பி வரவேண்டாம். அம்மா பக்கத்தில் நான் நிற்கிறேன். எங்களுக்கு இன்னும் நிறைய போஸ்ட் உண்டு. மெதுவாகத்தான் வாறோம்.