ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வேன்

அக்கா,

நேற்று வாங்கி வந்த வேன் வாசலில் நிற்கிறது. பழைய வண்டிதான். சீட்டுகளுக்கு மட்டும் புதிதாக ரெக்சின் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலை வெயில் ஏறியதும் அந்த வாசனை வீட்டுக்குள் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு உடனே உன் நினைப்புதான். கலசப்பாக்கத்தில் பஸ் வருவதற்கு முன்பே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கசக்கியபடி நிற்பாய். "இந்த சீட்டு நாத்தத்துக்கு நடந்தே போய்டலாம்டி" என்பாய். ஏறிய பிறகு ஜன்னலோரம் உனக்குத்தான். பெரிய பெண்ணான பிறகும் அதில் நீ விட்டுக்கொடுத்ததே இல்லை.

பெரிய வண்டி வேண்டும் என்று முதலில் சொன்னவள் நீதான். நாங்கள் கார் வாங்கப்போகிறோம் என்று சொன்ன அன்று என் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

"வாங்கறதுதான் வாங்கறீங்க, பெரிய வண்டியா பாருங்கடி. உனக்கு மூணு, எனக்கு மூணு. எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கினு ஒண்ணா போலாம்."

"உன் புள்ளைங்களுக்கு வண்டி வேணும்னா உன் வூட்டுக்காரர வாங்கச் சொல்லு" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். நீயும் சிரித்தாய். கட்டட வேலைக்குப் போகிற மாமாவிடம் ஒரு பைக்குக்கு மேல் என்ன இருந்தது? அது தெரிந்தும் சொன்னேன். நாங்கள் சின்னக் கார்தான் வாங்கினோம். நீதான் முதலில் வந்து அதற்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனாய்.

என் சின்னவளுக்குக் காது குத்த மலைமேல் கோயிலுக்குப் புறப்பட்ட காலையைத்தான் எழுத வேண்டும். இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாதது இல்லை என்றாலும்.

முன் சீட்டில் நான், மடியில் சின்னவள். பின்னால் என் இரட்டைப் பையன்களும் உன் மூன்று பிள்ளைகளும். நீ கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாய். பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ யாரையோ மிதித்தார்கள். சின்னவள் வீரிட்டு அழுதாள். என் பட்டுப் புடவை ஏற்கெனவே கசங்கியிருந்தது. எனக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, நீ மாமாகூட பைக்ல வாயேன். உனக்குத்தான் கார்ல வந்தா வாந்தி வருமே" என்றேன்.

உன் உடம்பை நினைத்துச் சொன்ன மாதிரி சொன்னேன். அப்படி நினைத்துச் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பிறகு, "அதுவும் சரிதான், காத்தாட வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே காலை எடுத்துக்கொண்டாய். குனிந்து உன் சின்னப் பெண் யாழினியின் மூக்கைத் துடைத்துவிட்டு, அவள் அக்கா காவ்யாவிடம், "தங்கச்சிய கெட்டியா புடிச்சிக்கோ" என்றாய். என் வீட்டுக்காரர் பின்னால் டிக்கியை மூட முடியாமல் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை. மாமா தெருமுனையில் பைக்கோடு நின்றார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஹெல்மெட்.

நாங்கள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். மலையில் தூறல் பிடித்திருந்தது. ஆரம்பிக்கலாமா என்று பூசாரி இரண்டு தடவை கேட்டார். தாய்மாமன் இல்லாத குறைக்கு, பெரியம்மா மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று நான் காத்திருந்தேன். "இன்னாடி உங்கக்கா இன்னும் காணோம்?" என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. பேசியது யாரோ ஒரு லாரிக்காரர். ஒரு வளைவில் பைக் வழுக்கியிருக்கிறது. மாமாவுக்குக் கால் முறிவு. உனக்கு வெளியே ஒரு காயம்கூடத் தெரியவில்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ போய்விட்டாய்.

உன் பிள்ளைகள் எங்களோடுதான் இருக்கிறார்கள். மாமா கால் சரியாகி வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார், பிள்ளைகளின் நகத்தை வெட்டிவிடுகிறார். ஒருமுறை அவரிடம் சொல்லிவிடலாம் என்று, "மாமா, அன்னிக்கு வண்டி ஏறப்ப..." என்று ஆரம்பித்தேன். "வேணாம்மா, அந்தப் பேச்சு வுடு. ஓட்டனது நான்தானே" என்று எழுந்து போய்விட்டார். அவர் தன்னைத்தான் நொந்துகொண்டிருக்கிறார். அதை மறுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்ததில் இதுதான் மோசம் என்று சில நாள் தோன்றுகிறது.

ஆறு பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றுவது நாளுக்கு நாள் முடியாமல் போனது. பள்ளிக்கு இரண்டு நடை. கல்யாணம் காட்சி என்றால் யாரை விட்டுவிட்டுப் போவது என்று சண்டை. பின்தங்கும் பிள்ளை அழும். "எல்லாரையும் ஏத்தற மாதிரி ஒண்ணு பாத்துடலாம்" என்று இவர்தான் ஒருநாள் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். திருவண்ணாமலையில் போய்ப் பார்த்தோம். விற்பவர் இன்ஜினைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். நான் பின் சீட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். வண்டி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் விலையில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இன்று காலை ஐந்து பிள்ளைகள் ஓடி ஏறிவிட்டார்கள். காவ்யா மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றாள். இவர் சாவி எடுக்க உள்ளே போயிருந்தார். நான் இறங்கி அவள் பக்கத்தில் போனேன்.

"ஏன்டா கண்ணு, வா."

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "சித்தி, அன்னிக்கு நீதான அம்மாவ பைக்ல வரச் சொன்ன?"

அக்கா, இவளுக்கு அப்போது ஏழு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உனக்கு வாந்தி வரும் என்பதைச் சொல்ல வாய் எடுத்தேன். அதே பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"ஆமா" என்றேன். "நான்தான் சொன்னேன். எடம் பத்தலன்னுதான் அப்டி சொன்னேன்."

"எனக்குக் கேட்டுச்சி."

"அப்பாகிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு வருடம், அக்கா. என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, என்னிடம் தலை பின்னிக்கொண்டு, இந்தச் சின்னப் பெண் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

"நான் அப்பாகிட்ட சொல்றேன். ஞாயித்துக்கெழம வரட்டும்" என்றேன்.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைத் தேய்த்தாள். பிறகு ஏறி, கடைசி சீட்டுக்குப் போய், யாழினியை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பள்ளி வாசலில் இறங்கும்போது, "சாயங்காலம் நீ வர்றியா, சித்தப்பா வர்றாரா?" என்று கேட்டாள். நான் வருகிறேன் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா, தெரியவில்லை. கேட்கப்போவதும் இல்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் போய் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நியாயமில்லை. மாமா ஞாயிற்றுக்கிழமை வருவார். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் மட்டும் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அந்த பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நீ அந்தக் காலை வெளியே எடுத்தபோது என்னை ஒரு நொடி பார்த்தாய். நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சிரித்துவிட்டுப் போனாய். கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் அக்கா, இறக்கி வைக்க எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.