முகம் பார்த்த பேரிங்குகள்

மச்சான்,

ஆமாம், லேத்தின் ஸ்பிண்டில் தண்டைக் கழற்றியது நான்தான்.

வீட்டிலேயே நீங்கள் செய்யும் இரும்பு கடையும் லேத்தில், தண்டைத் தாங்கும் இரண்டு பேரிங்குகளை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று, நம்மோடு படித்த தஹ்மீனாவிடம் கேட்டீர்கள். போனில் அவள் சிரித்தது அடுப்படிவரை கேட்டது. "ரெண்டும் முகம் பார்த்து இருக்கட்டும் ஜாபிர், புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி!"

அப்படி வைத்தால் தண்டு ஆடும். முதுகோடு முதுகாக வைத்தால்தான் உறுதியாக நிற்கும். நானும் அதே பாடத்தைத்தான் படித்தேன். நீங்கள் கட்டிய மனைவியிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் இரும்பைக் கடையும்போது அதிரட்டும், அவள் பேச்சு பொய்யாகட்டும் என்று காத்திருந்தேன்.

அதிர்ந்தால் மறுபடி அவளுக்குத்தான் போன் செய்வீர்கள் என்பது, இன்று நீங்கள் பெல்ட் வாங்க நன்னிலம் போன பிறகுதான் உறைத்தது.

இரண்டையும் திருப்பிப் பூட்டினேன். கிரீஸ் கையைக் கழுவிவிட்டு சோற்றுக்கு உலை வைத்தேன்.

உங்களோடு அதே வகுப்பில் இருந்தவள்