செப்டம்பரில் நான் எங்கே இருப்பேன்

பாரோ,
மே 12

அன்பு மகள் பிரையனிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே புலம்ப ஆரம்பித்துவிடுகிறது, இந்த ஊரில் அது தினப்படி புலம்பல்தான். நியூசிலாந்தில் நீயும் ஹாமிஷும் வயிற்றில் இருக்கிற எங்கள் பேரப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கவேண்டும். கால் வீங்குகிறது என்றாயே, உட்காரும்போது தொங்கவிடாதே, ஸ்டூலில் தூக்கி வை, அப்படியும் வற்றவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லிவிடு, நீயாக மருத்துவம் பார்த்துக்கொள்ளாதே. போன ஞாயிறு நீ போனில் கேட்டாய், "அம்மா, செப்டம்பர்ல குழந்தை பொறக்கும்போது வேலைய விட்டுட்டு வந்து ஒரு வருஷம் என்கூட இரும்மா" என்று. நான் பதில் சொல்லாமல் அடுப்பில் கேக் கருகுகிறது என்று போனை வைத்துவிட்டேன். கேக்கும் இல்லை ஒன்றும் இல்லை. போனில் இதைச் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் மாறிவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

விஷயம் இதுதான், நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். சிரிக்காதே. பள்ளியின் கடைசி இரண்டு வருடம் ஏ லெவலில் அறிவியல் படிக்காதவர்களை நேராக முதல் வருடத்தில் சேர்க்கமாட்டார்கள், ஆனால் அதற்கு முன்னால் அடித்தள ஆண்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் கணக்கும் அறிவியலும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்து, தேறினால் மேலே ஏற்றிவிடுவார்கள், ஆக மொத்தம் நாலு வருடம். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் அமிலமும் காரமும் கலந்து வைப்பவள் நான். எந்தக் குடுவையில் என்ன நிறம் வரும் என்று தெரியும், ஏன் வருகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. போன அக்டோபரில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்குச் சோதனை சரியாக வரவில்லை, கரைசல் அளவு தப்பு என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பாத்திரம் கழுவுற பெவர்லிக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியல பாருங்க" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அன்று சாயங்காலமே சேர்க்கைக்கு என்னென்ன தகுதி கேட்கிறார்கள் என்று தேட உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரியிலேயே இடித்தது. ஆங்கிலத்திலும் கணக்கிலும் நாலாம் கிரேடு, அல்லது அதற்குச் சமமான பழைய தேர்ச்சி இருக்கவேண்டுமாம். ஆங்கிலம், அந்தக் காலத்தில் பதினாறு வயதில் எழுதுவோமே அந்த ஓ லெவலில் தேறியிருக்கிறேன். கணக்கில் நான் தோற்றவள் என்றுதானே நம் வீட்டில் பேச்சு. உண்மையில் என்ன நடந்தது என்றால், ஓ லெவல் கணக்கு வகுப்பில் முப்பது நாற்காலிதான் என்று என்னை எதிர் அறைக்கு அனுப்பினார்கள், அது சி.எஸ்.இ. தேர்வு எழுதுகிறவர்கள் அறை, அங்கே போனவர்களை மக்குகள் என்றுதான் ஊரே நினைத்தது. எண்பத்தாறில் அதில் முதல் கிரேடு வாங்கி வந்தேன். என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இத வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். நானும் ஒன்றும் பண்ணவில்லை. அதற்கப்புறம் எந்த விண்ணப்பத்திலும் கணக்கு என்ற இடத்தில் 'இல்லை' என்றே எழுதினேன்.

கணக்குத் தேர்வை மறுபடி எழுதவேண்டுமா என்று சேர்க்கைப் பிரிவுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். என்ன கிரேடு என்று கேட்டாள், சொன்னேன். "அட, அப்போ உங்ககிட்ட கணக்கு இருக்கே! சி.எஸ்.இ. முதல் கிரேடுன்னா ஓ லெவல் பாஸுக்குச் சமம். இப்ப வந்த விதி இல்லைங்க, அப்பவே சமம்தான்" என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், பாவம், சொன்னாள். முப்பத்தெட்டு வருடம் பிரையனி, கையில் வைத்துக்கொண்டே இல்லை இல்லை என்று எழுதியிருக்கிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், வருத்தத்தில் இல்லை, கோபத்தில். உன் அப்பா பதறிப்போய் "யாரு போயிட்டா?" என்றார். "நான் பெயிலே ஆகல கீத்" என்றேன். "அதுக்கு எதுக்குடி அழற, எந்திரி, டீ போடறேன்" என்றார்.

சான்றிதழ் எங்கே போனதோ, தேர்வு வாரியத்துக்கு எழுதி நகல் வாங்க ஆறு வாரம் ஆயிற்று. அறிவியலுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அப்படி வருகிற எல்லாருக்கும் ஒரு தேர்வும் நேர்காணலும் வைக்கிறார்கள், என் வயதுக்காரர்களுக்கு வேலை அனுபவத்தையும் பார்க்கிறார்கள். மார்ச்சில் போனேன். அந்த அறையில் எல்லாம் பதினெட்டு வயது. நம் பள்ளியில் படித்த மேடி என்னைப் பார்த்ததும் "மிஸ், நீங்கதான் சூப்பர்வைசரா? பையை எங்க வைக்கணும்?" என்றாள். "பையை எங்கயாவது வைடி, நானும் எழுதத்தான் வந்திருக்கேன், தள்ளி உக்காரு" என்றேன். நேர்காணலில் இந்த வயதில் எதற்கு என்று சுற்றிவளைத்துக் கேட்டார்கள். "ஏன் நிறம் மாறுதுன்னு தெரியாம சாக எனக்கு இஷ்டமில்லைங்க" என்றேன். போன செவ்வாய் பதில் வந்தது. நிபந்தனை எதுவும் இல்லாமல் இடம் கொடுத்திருக்கிறார்கள், செப்டம்பர் இருபத்திரண்டில் வகுப்பு ஆரம்பம்.

ஒரு வருடம் தள்ளிப்போடலாமே என்று நீ கேட்பாய். அதையும் விசாரித்தேன், அடித்தள ஆண்டைத் தள்ளிவைக்க விடமாட்டார்களாம், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்கவேண்டும். விட்டாலும் நான் தள்ளமாட்டேன், என்னை எனக்குத் தெரியும், ஒரு தடவை தள்ளினால் எனக்கு அதுவே பழகிவிடும். அதனால் செப்டம்பரில் நான் வரமாட்டேன் பிரையனி. நீ பிறந்தபோது என் பக்கத்தில் யாரும் இல்லை, அந்தத் தனிமை எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று வாரம் வந்து இருக்கிறேன், குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நீ தூங்கு. இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று நேற்றே பதில் அனுப்பிவிட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டிருந்தால் வா என்று சொல்லியிருப்பாய், நானும் வந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகச் சுகமாகப் பிரியவேண்டும், கடவுள் கூடவே இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் மறக்காமல் போடு. கோபம் தீர்ந்ததும் போன் பண்ணு, தீராவிட்டாலும் பண்ணு.

உன் அம்மா,
பெவர்லி