நான் திருப்பிய முள்

1984 ஏப்ரல் 3

இன்று ஈப்போ டவுனுக்குப் போய் வானிலை பார்க்கும் கருவி வாங்கி வந்தேன். குனோங் ராபாட்டில் இதை வைத்திருக்கும் முதல் தமிழன் நான்தான். பேராக் மாநிலத்திலேயே என்று எழுதினாலும் தப்பில்லை.

கடையில் மூன்று வகை இருந்தது. ஒன்று சின்ன மரவீடு. மழை என்றால் குடை பிடித்த பொம்மை வெளியே வரும். விளையாட்டுச் சாமான். இன்னொன்று, லூமுட் படகுக்காரர்கள் வாங்கும் ரேடியோ. கடல் எப்படி இருக்கிறது என்று மலாயில் சொல்லும். எனக்கு எதற்குக் கடல்? மூன்றாவதுதான் சாமான்! சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம், உள்ளே கறுப்பு முள் ஒன்று, பளபளவென்று பித்தளை முள் ஒன்று. சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து, சூரியன் படம், மழை படம். நடுவில் ஒரு திருகு. ஒயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது என்றார் கடை முதலாளி தவுக்கே. அப்படியென்றால் ஒயர்லெஸ்தானே? காற்றில் வருகிற செய்தியை அதுவே பிடித்துக்கொள்கிறது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதோடு நின்றவன் நான். ஆனாலும் சட்டென்று புரிந்துவிட்டது.

ஏப்ரல் 4

ஹாலில் மாட்டியாயிற்று. அத்தான் காலமான பிறகு வீரம்மா அக்கா என்னோடுதான் இருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "என்னடா தம்பி, மணி தப்பா காட்டுது?" என்றாள். விளக்கிச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு ஜெயபாலனிடம், வானிலை ஆபீசிலிருந்து நேராக நம் வீட்டுக்குச் செய்தி வருகிறது என்றேன். "சீனி அண்ணே, மந்திரிக்குக்கூட இப்படி நேரா வராது லா" என்றான். கிண்டல்தான். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

தினமும் காலையில் திருகைத் திருகி சாவி கொடுக்க வேண்டும். பித்தளை முள் சூரியன் படத்துக்கு வந்து நின்றால் வெயில்.

ஏப்ரல் 9

ஐந்து நாள் வெயில் என்றேன். ஐந்து நாளும் வெயில். துணி காயப்போடுமுன் பெண்கள் என் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். கிடங்கில் காவலுக்கு நிற்கும் என்னை வெறும் ஜாகா என்று கூப்பிடுகிறவர்கள் இதையெல்லாம் வந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 12

அக்கா துணி துவைக்கப் போகும் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா, புனிதவதி, இன்று காரில் எங்கள் வீட்டுக்கே வந்தார். மகனுக்கு 28ஆம் தேதி கல்யாணம். "வீரம்மா, ஐந்நூறு அப்பளம் செய்து தருவியளோ? நல்லா இருந்தா எங்கட சனமெல்லாம் உங்களிட்டத்தான் வருவினம்" என்றார்.

அவர் போன பிறகு அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவுக்காரத்தில் வெடித்த கை. "இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா, தம்பி, ஊரு துணி துவைக்கிறத விட்டுருவேன்" என்றாள்.

ஏப்ரல் 15

கருவியின் கண்ணாடியைத் துடைக்கும்போது கைபட்டுத் திருகு மறுபக்கம் திரும்பியது. பித்தளை முள் மழைக்குப் போய் நின்றது. வெளியே மண்டை பிளக்கிற வெயில். சூரியனுக்குத் திருப்பினேன், அங்கே நின்றது. திரும்ப மழைக்கு. அங்கேயும் நின்றது. கறுப்பு முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அப்படியானால் இத்தனை நாளும் — நான் வைத்த இடத்தில்தான் —

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 18

முள்ளைச் சூரியனில் வைத்தேன். கேட்டவர்களுக்கு வெயில் என்றேன்.

ஏப்ரல் 21

எழுதக் கை வரவில்லை.

காலையில் அக்கா கேட்டாள். "இன்னிக்கு ஒரு வெயிலு பட்டா அப்பளமெல்லாம் காஞ்சிரும். நான் ரெண்டு வீட்டுக்குத் துவைக்கப் போகணும். மிசினு என்ன சொல்லுது? மழைன்னா போகாம இங்கயே இருக்கேன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. "போய்ட்டு வாக்கா, பொழுது சாயற வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது" என்றேன்.

இரண்டரை மணிக்குக் கிடங்கின் தகரக் கூரையில் அடித்தது மழை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தபோது பாயெல்லாம் அப்பளக் கூழ். வாசல் சாக்கடை லொங்காங்கில் மழைத்தண்ணீர் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலை ஈரத்தோடு பாயை வழித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "நீ என்னடா பண்ணுவ, மிசினு பொய் சொல்லிருச்சு" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன். அதையும் சொன்னேன்.

ஏப்ரல் 22

ஜெயபாலன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன அக்கா, அண்ணனுக்குச் செய்தி லேட்டா வந்துச்சா லா?" என்றான். அக்கா சண்டைக்கே போய்விட்டாள். "என் தம்பி தெனமும் சாவி குடுத்துப் பாத்தவன். வித்தவன் ஏமாத்திட்டான். என் தம்பியக் கேலி பண்ணுனா, இந்த வாசப்பக்கம் வராத!"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சீ.

ஏப்ரல் 23

அக்கா அடுப்படியில் புதிதாக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டு வந்து காட்டினேன். மழைக்குத் திருப்பினேன், சூரியனுக்குத் திருப்பினேன்.

மாவுக் கையோடு முள்ளைப் பார்த்துக் கேட்டாள். "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா."

"எத்தன நாளா தெரியும்?"

"ஒரு வாரமா."

உள்ளே போய்விட்டாள். சோறு போட்டாள். பேச்சில்லை. நாலு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 24

புனிதவதி அம்மா வீட்டுக்கு நானே போனேன். பஸ்ஸிலேயே கதை தயார். புயல், மூன்று மரம் விழுந்தது, கூரை பறந்தது. "அம்மா, அன்னைக்கு அடிச்ச புயல்ல..." என்று வாய் ஆரம்பித்தும்விட்டது. பிறகு நின்றது. நடந்ததைச் சொன்னேன், முள்ளைத் திருப்பியதையும் சேர்த்து.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "முடிஞ்சளவு தாங்கோ. மிச்சத்தைக் கடையில எடுப்பம்" என்றார். தன் சனமெல்லாம் எங்களிடம் வருவதைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26

லீவு போட்டேன். அப்பளப் பாய் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன், மழை வந்தால் மூட மடியில் தார்ப்பாய். இருநூறு அப்பளம் தேறும். கருவியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்று.

ஜெயபாலன் சைக்கிளை நிறுத்தினான். "அண்ணே, இன்னிக்கு மழை வருமா?"

"தெரியாது" என்றேன்.

அவன் சிரிக்கக் காத்திருந்தான். நான் வேறெதுவும் சொல்லாததால் போய்விட்டான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு வாய் திறந்து, "அந்த ஓரத்துல இருக்கறதத் திருப்பிப் போடு" என்றாள்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன்.