எனக்கும் சேர்த்து ஜெபித்த மதினிக்கு

என் பாசமுள்ள சவரியம்மா மதினிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் லூர்துக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். உலகச் சண்டை முடிந்தும் துணிக்கு இன்னும் தட்டுப்பாடுதான். அண்ணன் சின்னமனூரில் கடை கடையாக அலைந்து வெள்ளைத் துணி வாங்கி வந்தார். பாவாடை தைத்துவிட்டேன். இடுப்பு உங்களைப் போலவே ஒடுக்கம்.

என் வீட்டுக்காரர் மேகமலையில் தேயிலைக்குக் காடு வெட்டப் போய், மலைக்காய்ச்சலோடு இறங்கிவந்து இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளை குட்டி இல்லாமல் மார்க்கையன்கோட்டைக்கு, பிறந்த வீட்டுக்கே திரும்பினேன். அண்ணன் மனைவி என்ன சொல்வாளோ என்று வழியெல்லாம் பயம். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. என் தகரப்பெட்டியை வாங்கி உள்ளே வைத்தீர்கள்.

மறுநாள் கோயிலுக்குக் கூப்பிட்டீர்கள். "அவுக பிழைக்கணும்னு எம்புட்டு ஜெபம் சொன்னேன், மதினி. இனி என் வாயில ஒண்ணும் வராது" என்றேன்.

"வரலைன்னா விடு, ஆத்தா. ஒனக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன். நீ பக்கத்துல ஒக்காந்திரு, போதும்."

அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பூசைக்குச் சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் வயலுக்குப் போகிற வழியில் நீங்களே கோயில் கதவைத் திறப்பீர்கள். பரலோக மந்திரத்தில் அனுதின அப்பம் கேட்கிற இடம் வந்ததும் நிறுத்தி, "சேசுவே, புஷ்பத்துக்கு இன்னைக்கு உள்ளது" என்பீர்கள்.

வருசத்துக்கும் சேர்த்துக் கேட்டால் என்ன என்று ஒருநாள் வெறுப்போடு கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "மொத்தமாக் குடுத்துட்டா நாளைக்கு அவுககிட்ட வருவமா நாம?"

பிறகு உங்களுக்கு ஆண்பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. உடம்பு தேறியதும் கோயிலுக்கு வந்தீர்கள். சிலுவை வரைந்தீர்கள், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அத்தனை காலம் ஊமையாக இருந்த நான் ஜெபத்தை ஆரம்பித்தேன். பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அப்பம் கேட்கிற இடத்தில் உங்கள் பெயரைச் சொன்னேன். என் கையைப் பிடித்தீர்களே, அந்தப் பிடி இப்போதும் தெரிகிறது.

வெளியே வந்ததும், "பசிக்குதுத்தா" என்றீர்கள். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியில் இருந்த கம்மஞ்சோற்றை இரண்டு பேரும் தின்றோம். துக்கம் போய்விடவில்லை. ஆனால் அன்றைக்கு வயலில் இறங்கி வேலை செய்ய நமக்குத் தெம்பு இருந்தது. யார் கொடுத்த தெம்பு என்று நாம் பேசிக்கொள்ளவில்லை.

வாந்திபேதியில் நீங்கள் படுத்தபோது முல்லையாற்றில் வெள்ளம். கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தைபூச அக்கரையிலிருந்து சாமியார் வர வழியில்லை. நற்கருணை வாங்காமல் போய்விடுவீர்களே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அழாதீக. அவுக இங்கனதான் இருக்காக" என்றீர்கள்.

சாமியார்தான் வந்துவிட்டார் என்று அண்ணன் வாசலுக்கு ஓடினார். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசியாறிய பிள்ளையின் முகம் போல இருந்தது. யாரைக் கண்டீர்கள், மதினி?

நேற்று பாவாடையைப் போட்டுப் பார்த்தபோது லூர்து கேட்டாள். "அத்தை, நன்மை வாங்குனா அம்மாவப் பாக்கலாமா?"

பார்க்கலாம் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாக்க முடியாதுத்தா. ஆனா அம்மா சாப்பிட்ட பந்தியிலதான் நீயும் ஒக்காரப் போற."

பாவாடையை நீவிவிட்டுக்கொண்டே, "அப்ப எனக்கு எடம் இருக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் நான் முழங்காலில் இருப்பேன். அதற்குப் பின் வரும் காலைகளிலும் அவளைத் தனியே விடமாட்டேன். நிம்மதியாக இருங்கள்.

உங்கள் வீட்டில் உங்கள் பிள்ளையை வளர்க்கும்,
நாத்தனார் புஷ்பம்